அறுபத்தொன்றும் ஒன்பதும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய பிழை: கூட்டக் கூடாத இரண்டு எண்களைக் கூட்டி, இரண்டால் வகுத்தேன்.

மாலை வகுப்பில், அன்றன்று செய்த பிழை ஒன்றையாவது எழுதி வைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு இதுவரை பஞ்சம் வந்ததில்லை.

பகலில் பெயின்ட் கடையில் பில் போடுகிறேன். மாலையில் கணினியில் அட்டவணை, சராசரி, வரைபடம் படிக்கிறேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதைக் கண்ணில் படுவதில் எல்லாம் போட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு உண்டு. போன வாரம் சராசரி கற்றேன். இந்த வாரம் அம்மா மாட்டிக்கொண்டாள்.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பெரிய சலவை நிலையம் ஒன்றில் பிரஸ் செக்‌ஷனில் வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் போர்வைகள் மலை மலையாக வரும். துவைத்து வந்த ஈரப் போர்வையை இருவர் இரு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விட, மறுபக்கம் இருவர் வாங்கி மடிப்பார்கள். அந்த இடம் எப்போதும் அடுப்பு மாதிரி இருக்கும். அம்மா அதைப் பெரிதாகச் சொன்னதே இல்லை. சில மாதங்களாகத்தான், உருளையை விட்டுத் தள்ளி நிற்கும்போதுகூடக் கழுத்திலிருந்து நெருப்பு ஏறுவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மடித்த துண்டுகளை எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் எண்ணை விட்டுவிட்டு நின்றாளாம்.

சொன்னது ரேடியோ சித்தி. அம்மாவோடு மடிக்கும் பக்கம் நிற்பவர். காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் மூன்று செக்‌ஷனுக்கும் ஒலிபரப்பாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். அவர்தான் ஜனவரியில் அம்மாவை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு இழுத்துப் போனார். பெண்களுக்கான முழு ஹார்மோன் பரிசோதனை, பதினெட்டு அம்சங்கள், இருவராக வந்தால் சலுகை. எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்து அல்ல.

முடிவு அம்மாவின் கைப்பேசிக்கு வந்தது. வாசித்தது நான். எஃப்.எஸ்.ஹெச்., அறுபத்தொன்று. சினைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் அது. சினைப்பை காது கொடுக்காவிட்டால் அது இன்னும் சத்தமாகக் கூப்பிடும், எண் ஏறும். பக்கத்தில் நான்கு வரி அளவுகள் அச்சாகியிருந்தன. மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதிக்கு, நடுவுக்கு, பின் பாதிக்கு, நின்ற பிறகு. அறுபத்தொன்று கடைசி வரியில் போய் உட்கார்ந்தது.

"முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் மாதவிடாய் மறுபடி வந்தது. முன்பைவிட அதிகமாக. போன வாரம் நான் வற்புறுத்தி அந்த ஒன்றை மட்டும் மறுபடி பார்க்க வைத்தேன். ஒன்பது.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒன்பது என்றதும், "பாத்தியா, உங்கம்மாவுக்கு வயசு குறையுது. எனக்குத்தான் வண்டி தேயுது" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

இன்று நான் இரண்டையும் கூட்டி வகுத்தேன். முப்பத்தைந்து. அதுவும் கடைசி வரியில்தான் விழுந்தது. "சராசரியாப் பாத்தா உனக்கு நின்னுடுச்சும்மா" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். அம்மா உள்ளே இரத்தக் கறையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து பாரு, உன் சராசரியை" என்றாள்.

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிரஸ் செக்‌ஷன் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மாதக் கடைசியில் போகிறார். அந்த இடத்துக்கு மேனேஜர் அம்மாவைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா முடியாது என்று சொல்லப் போகிறாள்.

"ஏம்மா? இதுக்குத்தானே இத்தனை வருஷம்..."

"தலையே நிக்கல, தலைமை எனக்கு எதுக்குடி? துண்டை எண்ணத் தெரியல, ஆளை வச்சு வேலை வாங்கவா? நீதானே சொன்னே, முடிஞ்சுபோச்சுன்னு."

நான் சொன்னது ஒன்று. அம்மா இரண்டு மாதமாக அதை வேறொன்றாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். நாளைக்கே மருத்துவரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அப்பா மறுபேச்சில்லாமல் தொலைபேசியை எடுத்தார்.


மார்ச் 4, புதன்

இன்றைய பிழை: மருத்துவரிடம் வரைபடம் கொண்டுபோனேன்.

இரண்டே இரண்டு புள்ளிகள். நடுவில் ஒரு நேர்கோடு. அதையும் நீட்டி, இந்த மாதமே அம்மாவின் எஃப்.எஸ்.ஹெச். பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று காட்டியிருந்தேன். அச்சிட்டபோது இது எனக்கு உறைக்கவில்லை.

மருத்துவர் அம்மாவைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"இந்த ரெண்டுல எது சரி டாக்டர்?"

"ரெண்டும் சரி."

"அறுபத்தொண்ணும் சரி, ஒன்பதும் சரியா?"

"அன்னைக்கு அறுபத்தொண்ணு இருந்திருக்கும். அப்புறம் சினைப்பை திரும்ப வேலையைத் தொடங்கியிருக்கும், இறங்கியிருக்கும். இந்த வயசுல அப்படித்தான், வாரத்துக்கு வாரம் மாறும். நாப்பத்தஞ்சைத் தாண்டினவங்க மாதவிடாய் முன்னப்பின்ன வருது, உடம்பு திடீர்னு கொதிக்குதுன்னு சொன்னாலே எனக்குப் போதும். இந்த டெஸ்ட்டை நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"இன்னொரு தடவை எடுத்துப் பாத்தா?"

"மூணாவதா ஒரு எண் கிடைக்கும்."

"அப்போ எப்பத்தான் டாக்டர் நின்னுடுச்சுன்னு தெரியும்?"

"தொடர்ந்து பன்னெண்டு மாசம் வராம இருந்தா. அதுவும் பின்னாடி திரும்பிப் பாத்துத்தான் சொல்ல முடியும். முன்கூட்டி யாராலயும் கோடு போட முடியாது." என் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பிறகு நாற்காலியைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். நான் அங்கே இல்லாதது போல இருந்தது. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

"உங்களுக்கு என்ன கஷ்டம்னு நீங்க சொல்லுங்கம்மா. ரத்தப் போக்கு எப்படி இருக்கு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்தேன். "இரு, இரு. வெளியே போய் என்ன கணக்குப் போடப் போறே" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

"வழக்கமா வர்றதுதான் டாக்டர். கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா? எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா மாத்துறீங்க?"

"முதல் ரெண்டு நாள் மணிக்கு ஒரு தடவை. சில நேரம் அதுக்குள்ளயே. கட்டி கட்டியாவும் வரும்."

"இதுவா கொஞ்சம்?"

அம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றினாள். "எங்க சலவைக்கு ஆபரேஷன் தியேட்டர் போர்வையெல்லாம் வரும் டாக்டர். இருபது வருஷமா அதைப் பாக்கறேன். அந்தக் கண்ணுக்கு என்னோடது ஒரு பொருட்டாவே தெரியல."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் அவளுடைய துணிகளை அவளேதான் துவைப்பாள். எங்கள் யாரையும் தொடவிட்டதில்லை. கறை போக்குவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அதனாலேயே எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

மருத்துவர் எட்டி அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பதினெட்டு அம்சங்களையும் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"இதுல எல்லாம் இருக்கு. ஹீமோகுளோபின் இல்ல."

இரத்த அளவு, இரும்புச் சத்து இருப்பு, தைராய்டு என்று மூன்றை எழுதிக் கொடுத்தார். போக்கு இவ்வளவு இருந்தால் காரணம் பார்க்காமல் விடக் கூடாது என்று சனிக்கிழமைக்கு ஸ்கேனும் எழுதினார்.

வேனில் திரும்பும்போது அப்பா கண்ணாடி வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "ரோட்டைப் பாருங்க" என்றாள் அம்மா.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க, ஹாரன் அடிப்பீங்களா?"

அப்பா நிஜமாகவே ஒருமுறை ஹாரன் அடித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்துவிட்டாள்.


மார்ச் 5, வியாழன்

இன்றைய பிழை: கடையில் வெள்ளை பெயின்ட் கேட்டவருக்குக் கிரீம் பில் போட்டேன். மனம் அங்கே இல்லை.

மதியம் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஏழு. பக்கத்தில் நான்கு வரிகள் இல்லை, ஒரே வரி: பன்னிரண்டிலிருந்து தொடங்க வேண்டும். இரும்புச் சத்து இருப்பு, கிட்டத்தட்ட காலி. தைராய்டு சரி. எனக்கே புரிந்தது போலத்தான் இருந்தது. ஜனவரியிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் அம்மாவிடம் எதையும் சொல்லாமல், மருத்துவரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மூச்சு வாங்குறது, அசதி எல்லாத்துக்கும் இதுவே போதும்மா. மனசு ஒரு இடத்துல நிக்காததுக்கும் இதுக்குப் பங்கு உண்டு, தூக்கம் கெடறதுக்கும் உண்டு. இரும்பு மாத்திரையும், போக்கைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதறேன். உடம்பு கொதிக்கறதுக்கு என்ன பண்ணலாம்னு ஸ்கேன் பாத்துட்டுப் பேசுவோம், அதுக்கும் வழி இருக்கு."

"டாக்டர்" என்று அம்மா இடைமறித்தாள். "நான் எண்ணிக்கையை விட்டுட்டு நிக்கறேனே. அது திரும்பி வருமா?"

"நாளைக்கே வராது. சில வாரம் போகட்டும், நீங்களே எனக்குச் சொல்வீங்க."

அம்மா கைப்பேசியை வாங்கித் தானே அணைத்தாள். துவைத்து உலர்ந்த என் சட்டையை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்து, இன்னும் ஒழுங்காக மடித்தாள்.

மாலையில் அப்பா முதல் மாத்திரையைத் தட்டில் வைத்து, பக்கத்தில் சூடாகத் தேநீரும் வைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பது போல நீட்டினார். தேநீரோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா டீ போட்டுக் குடுக்கறேன், அதையும் வேண்டாங்கறாங்க" என்று அவரே குடித்துவிட்டார்.

வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரை வந்தது.


மார்ச் 6, வெள்ளி

இன்றைய பிழை: அம்மா மறுத்துவிட்டிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, வகுப்புக்கும் போகாமல், ஆறுதல் வார்த்தைகளோடு வீட்டில் காத்திருந்தேன்.

அம்மாவுக்கு முன்னால் ரேடியோ சித்தி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது.

"எங்கே உங்கப்பா? கூப்பிடு, இதை ரெண்டு தடவை சொல்ல முடியாது. மேனேஜர் ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு. உங்கம்மா போறா. நானும் ஒரு பில்லைக் காட்டணும்னு பின்னாடியே போறேன்."

"பில்லே கிடையாது" என்றாள் அம்மா. "வெத்துக் காகிதம்."

"நீ சும்மா இரு. மேனேஜர் என்ன முடிவுங்கறாரு. இவ சொல்றா, சார், எனக்கு உடம்புல ரத்தம் குறைவா இருக்கு, வைத்தியம் ஆரம்பிச்சிருக்கேன். பொறுப்பை ஏத்துக்கறேன், ஆனா ஒரு மாசம் கழிச்சு. அதோட ரெண்டு விஷயம் பண்ணிக் குடுக்கணும்ங்கறா."

"ஒரே மூச்சுல சொல்லாதடி, உனக்கும் ரத்தம் குறையும்."

"ஒண்ணு, அந்தத் தலைமை மேசை உருளைக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது, ஜன்னல் ஓரமா வரணும். ரெண்டு, பிரஸ்ல நிக்கற யாரா இருந்தாலும் பாத்ரூம் போகக் கைதூக்கி அனுமதி கேட்டுட்டு நிக்கக் கூடாது. அந்த இடத்துல நிக்க மாத்தாள் ஒருத்தர் எப்பவும் இருக்கணும். மாத்தாள் சரி, மேசையை நகத்தறது சிரமம்ங்கறாரு அவரு. ஏதோ ஒயர் இருக்காம்."

"அப்புறம்?" அப்பா நடுக்கூடத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"அப்புறம் என்ன, உங்க சம்சாரம் சொன்னா, சார், அப்படின்னா அந்த மேசையில வேற ஆளை உக்கார வைங்க, நான் உருளைக்கே போறேன்னு. சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டா. நானும் பின்னாடியே ஓடறேன்! மதியம் பாத்தா எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாத்திக்கிட்டிருக்கான். நாங்க நாலு பேர் மேசையைத் தூக்கி ஜன்னல்கிட்ட போட்டுட்டோம்."

"நீயா தூக்கினே?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார், பதற்றமாக.

"நான் நின்னு வேலை வாங்கினேன்" என்றாள் அம்மா.

நான் தயாராக வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளுக்கு வேலையே இல்லை. அம்மாவின் முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது; கொதிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ரேடியோ சித்தி பேச்சை நிறுத்தாமலே ஒரு விசிறியை எடுத்து வீசினார். ஸ்கேனில் என்ன வரும் என்று அம்மாவுக்குப் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. மருத்துவர், பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' எத்தனை சதவீதம் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

நாளை: காலை ஏழரைக்கு அம்மாவை எழுப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, ஸ்கேன் முடியும்வரை பாத்ரூம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு ஸ்கேன். அறிக்கை வந்ததும் பிரிக்காமல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.