ஊதாக் கரை

நீல வெளிச்சம். அதற்குள் ஒரு பச்சைத் தட்டு. தட்டின் ஓரம் முழுக்க ஊதாக் கரை. பட்டுப்புடவைக்குக்கூட அப்படிக் கரை அமையாது.

அது போன வருஷம். ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் பவளத் தொட்டியில், பாறையின் உச்சியில் தட்டாக விரிந்திருந்தது அந்த உயிர்ப்பவளம்.

பினாங்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் நின்றுபோனது. திரும்பி வந்தால், சூட்டில் செத்து எல்லாமே வெள்ளை. எலும்பு வெள்ளை.

அழுதேன். வெட்கமென்ன, தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"விட்டுத்தள்ளு கோதை. இனிமே மீன் மட்டும் வளப்போம்," என்றார் என் கணவர் சேதுமாதவன். மீனா? மீனை யார் வேண்டுமானாலும் வளர்ப்பார்கள்.

பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்லதாய் ஒன்று வளர்ந்தால், ஒரு துண்டை ஒடித்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நம்முடையது செத்தால் அங்கிருந்து திரும்பி வரும். நான், என்னைப்போலவே பவளம் வளர்க்கும் ரெஜினா அக்காவுக்குக் கொடுத்திருந்தேன்.

மழையோடு மழையாக வந்து நின்றாள் அக்கா. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள், சின்னக் கட்டையில் ஒட்டிய நகமளவு துண்டு. பழுப்பு நிறம். கரையே இல்லை.

"என் தண்ணியில கலரே போயிடுச்சுடி. மத்ததெல்லாம் செத்துடுச்சு, இது ஒன்னுதான் மிச்சம். மேல வைக்காத, வெளிச்சத்துல வெந்துடும். கீழ வை."

கீழேயா? ராஜாத்தியைக் கொண்டுபோய்க் கீழே உட்காரவைப்பேனா?

அலைவிசிறியை நிறுத்தினேன். தண்ணீர் அடங்கியது. பசைமாவைப் பிசைந்து உருட்டி, மேலே ஒரு சொட்டு, கீழே ஒரு சொட்டு ஒட்டுப்பசை வைத்தேன். முழங்கைவரை உப்புத் தண்ணீர். உச்சியில் வைத்து, அழுத்தி, லேசாகத் திருகி, பிடித்துக்கொண்டேன். கை மரத்தது. விடவில்லை.

விட்டபோது அசையவில்லை. என் ஒட்டாச்சே, அசையுமா?

அதுதான் வினையாயிற்று. சில நாளில் துண்டு வெளிற ஆரம்பித்தது. இறக்கலாமென்றால் கட்டை நகரவே இல்லை. இழுத்தால் உடையும். உடைந்தால், அந்தப் பச்சை இனி எங்கேயும் இல்லை.

"அடிப்பாவி! அப்படியா ஒட்டுவ?" போனில் கத்தினாள் அக்கா.

அதை இறக்க முடியாது. சரி, தொட்டி விளக்கின் வெளிச்சத்தை இறக்கினேன். கூடத்து விளக்கையும் யாரையும் போட விடவில்லை.

"தட்டுல என்ன கெடக்குன்னே தெரியல," என்று முனகினார் கணவர்.

"வாய் எங்க இருக்குன்னு தெரியுதுல்ல? சாப்பிடுங்க."

மழை. மழை. பிறகு வெயில். தொட்டிக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலைக் கூட்டினேன். தினம் பார்த்தேன். வெளிறல் நின்றது. ஆனால் பழுப்பு, அதே பழுப்பு.

ஒருநாள் காலையில் அடுப்படியில் இருந்தேன். "கோதை! இங்க ஓடியா! கரை!" என்று கத்தினார், 'மீன் மட்டும் வளப்போம்' என்ற அந்த மனிதர். மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

பழுப்பு பச்சையாகியிருந்தது. ஓரத்தில் நூல் கனத்துக்கு ஊதா. கட்டையைத் தாண்டி, என் பசையைத் தாண்டி, பாறைமேலேயே ஏறியிருந்தது. இனி என் ஒட்டு தேவையில்லை. தானே பிடித்துக்கொண்டது.

அக்கா வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "என்கிட்ட இப்படி வரலையேடி."

வராதுதான். பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

"வளரட்டும்க்கா. மொதத் துண்டு உனக்குத்தான்."

நீல வெளிச்சம். அதற்குள் சின்னதாய் ஒரு பச்சை. அதைச் சுற்றி ஊதாக் கரை.