மெயின் இறக்கும் வரை

"மெயின இறக்கிடாதீங்க அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் கிடந்த மாத்திரை அட்டைகளை முழங்கையால் ஒதுக்கி லேப்டாப்பை வைத்தாள் அவள்.

அந்தப் பக்கம் ஆபீஸ் எலக்ட்ரீஷியன். பெரிய குழாய் ஒன்று உடைந்து, கம்ப்யூட்டர் கூடத்தை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கீழ்ப்படியத் தொட்டுடுச்சு மேடம். கூடத்துக்குள்ள வந்தா நான் யாரையும் கேக்க மாட்டேன்."

அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களை நம்பித்தான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து போனது. திடுதிப்பென்று கரண்ட் போனால், எந்த மருந்து எங்கே இருக்கிறது என்கிற கணக்கு பாதியில் அறுந்துவிடும். மறுநாள் ஒரு வண்டியும் கிளம்பாது. முதலில் அவற்றில் லாகின் செய்து வேலை பார்ப்பவர்களை லாகவுட் செய்ய வைக்க வேண்டும். பிறகு ஆர்டர் வாங்கும் புரோகிராம்கள், அப்புறம் கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ், கடைசியில்தான் இயந்திரங்கள். வரிசை மாறினால் குடி முழுகிவிடும். கூட வேலை பார்ப்பவர் விமானத்தில் இருந்தார். வீட்டிலிருந்தே லேப்டாப் வழியாக இதைச் செய்ய மிச்சம் இவள் ஒருத்திதான்.

அடுத்த அறையில் அப்பா. காலையில் வந்த டாக்டர், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அண்ணனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன் வந்தபோது அப்பா விழித்துத்தான் இருந்தார்.

"உன் ஆபீஸும் சீக்கு, நானும் சீக்கு. யார முதல்ல பாக்கப் போற?"

அவள் சிரித்தாள்.

"அதையே பாரு, போ. நான் எங்க ஓடிடப் போறேன்."

லாகின் செய்திருந்த எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். புரோகிராம்களும் ஒவ்வொன்றாக நின்றன. டேட்டாபேஸை மூடச் சொன்னாள். திரை அசையவில்லை. கடைசியாக வந்த ஆர்டர்களை அது இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான்.

"மூச்சு மாறுது. வா."

லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடியே எழுந்தாள்.

"அத வச்சிட்டு வாடி."

அப்பாவின் மூச்சு இங்கேயே கேட்டது. இழுத்தது, நின்றது, மறுபடி எங்கிருந்தோ வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு போனில், "தண்ணி எங்க இருக்கு அண்ணே?" என்றாள்.

"இன்னும் ஒரே படிதான் மேடம்."

அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"கல் நெஞ்சு உனக்கு" என்றுவிட்டு அண்ணன் உள்ளே போனான்.

எழுதி முடியாத ஆர்டர்களை விட்டுவிட்டு, வலுக்கட்டாயமாக நிறுத்தவும் வழி இருந்தது. ஒரு வரி தட்டினால் போதும். அதைத் தட்டினாள். கடைசி விசையை அழுத்தாமல் விரலை அதன்மேல் வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"என்னங்க" என்று உள்ளே அம்மா கூப்பிடுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து, உரக்க, "என்னங்க!" அதற்குப் பிறகு அம்மா கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் திரையில் டேட்டாபேஸ் மூடிவிட்டதாக ஒரு வரி வந்தது. அவள் இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தாள். அண்ணன் வாய்விட்டு அழுதது போன் வழியாகவும் போயிருக்க வேண்டும்.

"மேடம், அங்க என்ன சத்தம்?"

"எல்லாம் நின்னுடுச்சு அண்ணே. இப்ப இறக்கலாம்."

தடக்கென்று ஒரு ஒலி. எலக்ட்ரீஷியன் உடனே போனை வைக்கவில்லை.

"நீங்க போங்கம்மா. இங்க நான் பாத்துக்கறேன்."

அவள் உள்ளே போனபோது அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா கட்டில் ஓரத்தில் அப்பாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாள்.

அம்மா விட்ட இடத்தில் விரிப்பு குழிந்து, கதகதப்பாக இருந்தது. அவள் அங்கே உட்கார்ந்தாள்.