சொல்தா வரட்டும்

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரே பொருள் என் தாலிதான். அதிலும் செய்கூலியைக் குறைக்கச் சொல்லி ஆசாரியைப் படுத்தி எடுத்தார் என்று என் மாமியார் சொல்வார். நான் நம்புகிறேன்.

அவருடைய அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணமான மறு வருஷமே பாரிஸ் பக்கத்தில் ஓர் ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். குடோனில் பெட்டி அடுக்கும் வேலை. இரண்டு பேர் இருக்கிற மாதிரி வீடு அமைந்ததும் என்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. இப்போது நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். வீடு இன்னும் அமையவில்லை. அவர் கடைசியாக ஊருக்கு வந்துபோய் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இங்கே இருந்தவரை பெரிய மார்க்கெட்டில் அவரைக் கண்டாலே காய்க்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அங்கே போனால் பேரம் பேச ஆள் இல்லை. எல்லாம் அச்சடித்த விலை. மனுஷன் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொருளை எட்டு கடையில் விலை பார்ப்பார். எந்தக் கிழமையில் எது இறங்கும், எந்தக் கடை அனுப்புகிற கூலியைத் தள்ளும், எல்லாம் அத்துப்படி. அப்படிப் பிடித்ததையெல்லாம் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரே மாதிரி இரண்டு அலாரம் கடிகாரம் வந்தது. என் காலுக்கு இரண்டு அளவு பெரிதாக ஒரு ஜோடி செருப்பு வந்தது. அந்த அளவுக்குத்தான் பாதி விலையாம். பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்குச் செருப்பும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். அவர் வந்து அந்தச் செருப்பைப் பார்த்து என்னிடம் நாலு திட்டு வாங்கினால் போதும் என்றிருந்தது.

மார்கழியில் ஒருநாள் போன் செய்தார். குறைந்த விலைக் கார்டு போட்டுப் பேசுகிறவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எப்பதாங்க வருவீங்க?" என்றேன்.

"சொல்... வரட்டும் லதா. வந்ததும் டிக்கெட் எடுத்துடுறேன்."

"யாரு? சொல்தாவா?"

"ஆமா ஆமா" என்றார். கார்டு தீர்ந்துவிட்டது.

எங்கள் உப்பளம் பகுதியில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர் என்று அர்த்தம். எங்கள் தெருவில் தணிகாசலம் என்று ஒரு சொல்தா இருக்கிறார். தீபாவளி முடிந்ததும் பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், பொங்கலுக்குத் திரும்பிவிடுவார். அவர் மனைவி ராஜாம்பாள் அத்தை குளிருக்குப் பயந்து இங்கேயே இருப்பார். வயதானவர் தனியாக விமானம் ஏறுகிறார், துணைக்கு ஆள் வேண்டும், அவரோடு இவரும் சேர்ந்து வரப்போகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆசை இருக்கிற இடத்தில் காது பாதி கேட்டால் போதும், மீதியை மனசு எழுதிக்கொள்ளும்.

சொல்தா வருகிற அன்று கடைக்கு லீவு சொன்னேன். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். பொங்கல் வியாபாரத்தில் லீவா என்று முதலாளி குதித்தார். குதிக்கட்டும் என்று வந்துவிட்டேன். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். தலைக்குக் குளித்து, அவர் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து வரும் கார் இந்நேரம் காலாப்பட்டு தாண்டியிருக்கும், இந்நேரம் முத்தியால்பேட்டை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ராஜாம்பாள் அத்தை வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். புருஷனைப் பார்க்கப் போகிறவள் இப்படியா வாயெல்லாம் பல்லாக நிற்பது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

கார் வந்தது. சொல்தா இறங்கினார். டிரைவர் பெட்டிகளை இறக்கினார். அந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று பார்த்தேன். திறக்கவே இல்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு கம்பளிச் சட்டை மட்டும் கிடந்தது.

"மாமா, எங்க வீட்டுக்காரரு வரலையா?"

"வெற்றியா? அவன் எங்கம்மா வர்றான்? நான் அவனைப் பாத்தே மாசம் ஆவுதே."

"நீங்க வந்தா டிக்கெட் எடுத்துடுறேன்னு சொன்னாரே மாமா."

சொல்தா விழித்தார். ராஜாம்பாள் அத்தைதான் கேட்டார்: "என்னா சொன்னாரு, அப்படியே சொல்லு."

"சொல்தா வரட்டும்னாரு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடி இவளே, அது சொல்தா இல்லடி, சோல்து. பிரெஞ்சுல தள்ளுபடிக்கு அப்படித்தான் சொல்றது. சனவரி மாசம் வந்தா அங்க கடைக்குக் கடை எழுதி வப்பான். நம்ம ஆடித் தள்ளுபடி மாதிரி."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "உள்ள வா, காபி குடிச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்தார். நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து குழம்புச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்துவிட்டேன். அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட என்னால் முடிந்திருக்காது.

அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஆடித் தள்ளுபடியைப் பற்றி எனக்கா பாடம்? ஆனி முடியும்போது பழைய விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, விலையை ஏற்றி எழுதி, அதை அடித்துக் கீழே குறைத்து எழுதுகிற பேனா என் கையில்தானே இருக்கிறது. வருகிறவர்கள் அடித்த விலையைத்தான் ஆசையோடு பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் புருஷனும் ஒருவர். சீட்டு தொங்குவது என் கழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகராஜ் நடத்துகிற பிரௌசிங் சென்டரில்தான் நாங்கள் முகம் பார்த்துப் பேசுவோம். அந்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். திரையில் வந்தார். தாடி வளர்ந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. பார்த்ததும் பாதி கோபம் இறங்கிவிட்டது. மீதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"சோல்து வந்துடுச்சாங்க?"

"வந்துடுச்சு லதா" என்று உற்சாகமாக ஆரம்பித்தார். "டிக்கெட்டும் எறங்குச்சு. முந்தாநேத்து பாத்தேன், நல்ல விலை. செவ்வாக்கெழம இன்னும் கொஞ்சம் எறங்கும். அதான் விட்டு வச்சிருக்கேன்."

"போன ஐப்பசியில கூட எறங்குச்சுன்னீங்க."

"அப்ப எடுத்திருக்கணும். கொஞ்சம் பொறுத்தேன், ஏறிப்போச்சு."

"ஏங்க, என்னைப் பாக்க வர்றதுக்கு எவ்வளவு ஆனா சரின்னு மனசுல வச்சிருக்கீங்க?"

அவர் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. பின்னால் சுவரில் யாருடைய நிழலோ அசைந்தது.

"அப்படிக் கேக்காத லதா" என்றார் கடைசியில். "இங்க மிச்சம் புடிக்கிறதெல்லாம் உனக்கும் எனக்கும் வீடு எடுக்கத்தான்."

"தெரியும். உங்களத் தெரியாதா எனக்கு? எங்க கடைக்கு ஒரு அம்மா வரும். ஆனியிலயே ஒரு அரக்குப் புடவையைப் பாத்து வச்சிட்டு, ஆடி வரட்டும்னு போயிடும். ஆடியில வந்து கேக்கும்போது அது வித்துப் போயிருக்கும். வேற ஒண்ண எடுத்துக்கிட்டுப் போகும். புடவைன்னா வேற எடுத்துக்கலாம். போன வருசத்த எந்தக் கடையில எடுப்பீங்க?"

என் குரல் உயர்ந்துவிட்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். எனக்கு என் புருஷனைப் பார்க்க வேண்டும். திரையில் இல்லை, தொட்டுப் பார்க்க வேண்டும். அதை எப்படி அந்த மைக்கில் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

"எனக்கு உங்களத் தொட்டுப் பாக்கணும்ங்க."

ஹெட்போனில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. விறுவிறுவென்று தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு லதா. ஆனா விலை..."

"விலையச் சொல்லாதீங்க. தேதிய மட்டும் சொல்லுங்க."

"மாசி மகத்துக்கு மொத நாள் காலையில மெட்ராஸ்ல எறங்கலாம்." கொஞ்சம் தயங்கினார். பழக்கம் லேசில் விடுமா? "மூணு நாள் தள்ளி வர்ற மாதிரி எடுத்தா இதுவே பாதி விலைதான்."

"அந்த மூணு நாளும் எனக்கு வேணும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுசை அழுத்தினார்.