மூன்றாவது புகார்

வேலை விட்டதும் மாடத்தி கைகால்கூடச் சரியாகக் கழுவாமல் கேட்டுக்கு ஓடினாள். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் காவலாளி ஊர்க்காவலனிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு, அங்கேயே வேலை பார்க்கும் தன் புருஷன் சங்கிலிமுத்துவின் போனை அவன் வருவதற்குள் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு.

எல்லாம் போனில் இருக்கும் அந்தப் பாழாய்ப்போன பள்ளிக்கூட ஆப்பால் வந்த வினை. மகள் ஓவியா பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் நெளிந்தால்கூட அப்பன் போனுக்குத் தகவல் வந்துவிடுகிறது. இதுவரை இரண்டு புகார், இரண்டும் ஒன்றுதான்: வகுப்பை விட்டுச் சொல்லாமல் ஓடினாள். ஏன் ஓடினாய் என்று கேட்டால் பிள்ளை வாயே திறப்பதில்லை.

"எவன் பின்னால ஓடுதாளோ! இன்னொரு தடவை வரட்டும், படிப்புக்கு முழுக்குதான். வீட்டுல உக்காந்து வெடிக்குக் குழாய் உருட்டட்டும்" என்று சங்கிலிமுத்து சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன்.

மத்தியானத்திலிருந்தே மாடத்திக்கு மனசு சரியில்லை. மேற்கே எங்கோ பெரிய சத்தம் கேட்டு, எல்லோரும் போட்டது போட்டபடி வெட்டவெளிக்கு ஓடினார்கள். வெடித்தது வேறு கம்பெனி, ஆளுக்குச் சேதமில்லை என்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

"அண்ணே, அவுக போனைக் குடுங்க."

"சும்மா இரு தாயி, அவன் என்னையத்தான் வைவான்" என்றார் ஊர்க்காவலன்.

அதற்குள் பின்னாலிருந்து சங்கிலிமுத்துவின் கை நீண்டு போனை வாங்கிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தான். "மூன்றாவது முறை... அனுமதியின்றி... பள்ளி வாயிற்கதவில் ஏறிக் குதிக்க முயன்றாள்."

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் பைக்கை விரட்டினான். "கைய நீட்டிராதீக, நான் கேக்கேன்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கெஞ்சியது அவன் காதில் ஏறவே இல்லை.

ஓவியா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளங்கையில் கம்பி கிழித்த காயம். வந்த இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கேட்டுக்கு வெளிய எவன் நின்னான்?" சங்கிலிமுத்து கையை ஓங்கினான். மாடத்தி குறுக்கே விழுந்தாள்.

"சொல்லிரு தாயி!"

"யாருமில்லம்மா. மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேட்டா வெட்டவெளியில போயி நில்லுன்னுதான சொல்லிக் குடுத்தேன்? கேட்டுல எதுக்கு ஏறுன?" என்றாள் மாடத்தி.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய ஓடிட்டீகளான்னு பாக்கத்தான். போன் போட்டாலும் எடுக்க மாட்டீகள்ல."

"இதை முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பலிச்சிருமோன்னு பயம்மா."

சங்கிலிமுத்துவின் கை இறங்கியது. முந்தின இரண்டு புகார் வந்த நாட்களிலும் எங்கெங்கே வெடித்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாடத்தி மகளின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாளைக் காலையிலும் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் உள்ளே போக வேண்டும்.