நாலு பேர் பறவை

சனிக்கிழமைச் சந்தையில் கடை போட வேண்டுமானால் இனிமேல் பரீட்சை உண்டு என்று எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 'ஒரு கடைக்கு ஒரு கைவினைஞர். அவர் தம் பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை, தனியாக, குழுவின் முன்னால் செய்து காட்ட வேண்டும்.' ஆலைச் சரக்கை வாங்கிவந்து கையால் செய்தது என்று விற்கிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடாம். நல்ல காரியம், அந்தப் பிராடுகள் மாட்டட்டும் என்று கடிதத்தை மடித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு முழுப் பறவையைச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

நாங்கள் செய்வது துணிப் பறவை. உள்ளங்கை அளவு இருக்கும். தையல்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணியை மாமனார் வெட்டுவார். அச்சகத்தில் முப்பது வருடம் காகிதம் வெட்டியவர். அவர் கத்திரி கோடு தாண்டி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தைப்பார். காலையில் லாரி ஓட்டுகிற அதே கை, சாயங்காலம் அரிசி அளவுக்குத் தையல் போடும். அவர் தங்கை பஞ்சு அடைப்பாள். கடைசியில் நான் அலகும் கண்ணும் வைப்பேன். சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தால், பறவை ஒரு சுற்று வந்ததும் வேலை முடிந்தது. ஆறு வருடமாக இந்த வரிசை மாறவில்லை. வீட்டில் பேரே அப்படி ஆகிவிட்டது: ஊசி, பஞ்சு, கண்ணு. மாமனாரை மட்டும் அவர் இல்லாதபோதுதான் 'கத்திரி' என்று சொல்வோம்.

அந்தச் சந்தையை விட்டால் எங்களுக்கு விற்க வேறு இடம் கிடையாது. பெரிய கடைகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. "பொம்மையா, வேண்டாம்" என்று பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

"யார் பேர்ல எழுதறது?" என்றார் மாமனார், கடிதத்தோடு வந்த விண்ணப்பத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு.

"கண்ணு பேர்லயே எழுதுங்கப்பா. நம்ம வீட்ல வாய் இருக்கறது அவளுக்குத்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு இல்லையா? சாப்பாட்டு நேரத்துல மட்டும் எங்கேர்ந்து வருது?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், பஞ்சு தவிர. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அவளுக்கு அதிகம். வெளி ஆள் முன்னால் அதுவும் இல்லை. அவள் கையிலிருந்த பறவையை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அட்டையில அண்ணி பேரு மட்டும்தான் போடுவாங்களா?"

கடை வாசலில் மாட்டும் அட்டையைச் சொன்னாள். செய்கிறவர் பேர் அதில் இருக்கும்.

"அட, ஒரு அட்டைதானேடி. அதுல போய்..." என்றேன். அவள் அடுத்த பறவையை எடுத்துக்கொண்டாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. மூன்று பேரும் எனக்கு வாத்தியார்கள். மாமனார் என் கத்திரிப் பிடியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வெட்டிய இரண்டு துண்டும் அக்கா தங்கை மாதிரிகூட இல்லை, ஒன்றுவிட்ட உறவு. தையலில் என் விரலைத்தான் அதிகம் தைத்தேன். பஞ்சு அடைப்பதுதான் சுலபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே திணித்தால் ஆயிற்று, இதில் என்ன வித்தை என்று. திணித்தேன். கழுத்துப் பக்கம் பொன்னுக்குவீங்கி வந்த பறவை வந்தது.

பஞ்சு அதை வாங்கி மொத்தத்தையும் வெளியே எடுத்தாள். பிய்த்து, உதறி, சுண்டுவிரல் நுனியால் முதலில் வால், பிறகு மார்பு, கடைசியில் கழுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். அமுக்கினால் உள்ளே போய், விட்டால் மெதுவாக எழுந்து வந்தது. சந்தையில் ஜனங்கள் பறவையைக் கையில் எடுத்தால் ஒரு தடவை அமுக்குவார்கள், அப்புறம் கீழே வைக்கவே மாட்டார்கள். நான் வைத்த கண்ணைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள் என்று ஆறு வருடமாக நான் மிதப்பில் இருந்தேன்.

பரீட்சை ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் இரண்டு பேர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட தலைவி ஒருவர். விதிப் புத்தகத்தின் மேலேயே முழங்கையை வைத்திருந்த செயலாளர் ஒருவர். என் வீட்டார் மூவரும் துணைக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாதிரிக்கு எங்கள் நல்ல பறவைகள் பத்தை மேசையில் அடுக்கிவிட்டு, நான் தனியாக வெட்டினேன், தைத்தேன், திணித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வியர்த்து வழிந்தது. முடிந்ததைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கண் மட்டும் அழகாக இருந்தது.

தலைவி அதைத் தூக்கிப் பிடித்து முகம் மலர்ந்தார். "இதுதாங்க கைவேலை! கோணல்மாணலா, எவ்வளவு உயிரோட இருக்கு பாருங்க. அந்தப் பத்தும் மெஷின்ல போட்ட மாதிரில்ல இருக்கு! இனிமே இதே மாதிரி செய்ங்கம்மா. கடை உங்களுக்குத்தான்."

செயலாளர் அட்டையை எடுத்து என் பேரை எழுதப் பேனாவைத் திறந்தார். பின்னால் என் வீட்டுக்காரர் 'வாயைத் திறக்காதே' என்று கண்ணாலேயே கெஞ்சினார். மாமனார் 'ஆமாம்' என்று வேகமாகத் தலையாட்டினார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கடை கைக்கு வந்துவிட்டது.

பஞ்சு மட்டும் தலையாட்டவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு 'ஒரு அட்டைதானே' என்று சொன்னேனே, அந்த வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அவ்வளவு வெட்கம். வெட்கம் எனக்கு வந்தால் பின்னாலேயே கோபமும் வரும்.

தலைவி கையிலிருந்து அந்தப் பறவையை வாங்கினேன். தையலில் கத்திரியை விட்டுக் கிழித்தேன். பஞ்சு மேசை முழுக்கக் கொட்டியது.

"என்னம்மா பண்றீங்க!" என்றார் தலைவி.

"இதை வித்தா எனக்குத் தூக்கம் வராதுங்க. அந்தப் பத்தும் மெஷின் இல்ல. அந்த மெஷின் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கு. மாமா, வாங்க. என்னங்க, நீங்களும்தான். பஞ்சு, வாடி."

"தனியாத்தான் செய்யணும், விதி இருக்கு" என்று செயலாளர் எழுந்தார்.

"அரை நாள் எங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கீங்க. இன்னும் நேரம் இருக்கு. பாருங்க, பிடிக்கலைன்னா துரத்துங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் நாற்காலியைத் தம் பக்கத்துக்குச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டு மேசையில் எப்படியோ அப்படியே உட்கார்ந்தோம். மாமனார் கோடு போடாமலே வெட்டித் தள்ளிவிட்டார். ஊசி ஓடியது. பேச்சே இல்லை. ஒருவர் கை நீளும்போது அடுத்தவர் கை அங்கே இருந்தது. செயலாளர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார். நான் கறுப்பு நூலை மூன்று சுற்றுச் சுற்றிக் கண்ணுக்கு முடிச்சுப் போட்டபோது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

தலைவி புதுப் பறவையை எடுத்தார். அமுக்கினார். விட்டார். அது எழுந்தது. மறுபடி அமுக்கினார். பழைய பத்தில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

"நான் மெஷின்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"அதெல்லாம் சரிங்க மேடம்," என்றார் செயலாளர். அவருக்கும் எங்களைத் துரத்த மனமில்லை என்பது தெரிந்தது. ஆனால் முழங்கை மறுபடி புத்தகத்தின் மேல் போய்விட்டது. "ஒரு கடைக்கு ஒருத்தர்னுதான் போட்டிருக்கு. அட்டையைப் பாருங்க, பேருக்கு ஒரே ஒரு கோடு. நாலு பேரை எழுத இதுல எங்க இடம் இருக்கு? இந்தம்மா பேரைப் போட்டுக்கறேன். மத்த மூணு பேரும் உதவியாளர்னு இருந்துட்டுப் போகட்டும்."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் பஞ்சு பேசிவிட்டாள்.

"எழுத்தைச் சின்னதாக்குங்க."

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. மடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. "நாலும் அந்த ஒரு கோட்டுலயே அடங்கும். அடங்கலைன்னா நான் எழுதித் தரேன்" என்றாள்.

தலைவி அவரிடமிருந்து பேனாவை வாங்கினார். அட்டையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "முதல்ல உன் பேரைச் சொல்லும்மா" என்றார்.

பஞ்சு சொன்னாள். வாசலில் விண்ணப்பம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.