திரும்பும் முன்

பள்ளியின் இரும்புக் கதவுவரைதான் அவள் அம்மா. கதவைத் தாண்டினால் டீச்சர். மகள் நான்காம் வகுப்புக்கு, அதுவும் தாயின் வகுப்புக்கே வந்து உட்கார்ந்த அன்று இருவருமாகப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. முதல் சில நாட்கள் மகளுக்கு அது பெரிய விளையாட்டு. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்து நின்றுகொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி, "அம்மா, டீச்சர், அம்மா, டீச்சர்" என்று ராகம் போடுவாள். வாசலில் நிற்கும் காவலாளிக்கே சிரிப்பை அடக்க முடியாது.

இன்று அவள் கதவுக்கு வெளியிலேயே நின்று தாயின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இன்னைக்கு ரோபோ போட்டியில நாங்க ஃபைனலுக்கு வந்துட்டா அப்பா பாக்க வரேன்னாரு."

"ம்."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே?"

"நான் என்னடி சொல்லப்போறேன்? ஃபைனலுக்கு யார் வீட்டுல இருந்தும் வரலாம்."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக அலமாரியைத் திறந்து, ரொம்ப நாளாகத் தொடாத நீல உடையை எடுத்து எதற்காக இஸ்திரி போட்டாய் என்று மனசு அவளைக் குத்திக் காட்டியது. கணவன் வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. பெரிதாகச் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இப்போது சனிக்கிழமைகளில் மகள் அவனிடம் போகிறாள். சாயங்காலம் கீழே இறக்கிவிட்டுப் போகும் அவனுடைய வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீச்சர் அடுப்பைப் பற்றவைப்பாள். ஃபைனலுக்கு வந்தால் அவன் வகுப்பறைக்குள் வந்தாக வேண்டும். ஒரே அறையில் மூன்று பேரும். மகள் அதைத்தான் திட்டம் போட்டிருக்கிறாள் என்பது புரியாத அளவுக்கு அவள் ஒன்றும் மக்கு இல்லை. அந்தத் திட்டத்தில் தனக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதை மட்டும் அவள் மகளிடம் சொல்லவில்லை.

வகுப்பில் மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டு, நடுவில் கறுப்பு டேப்பால் பாதை ஒட்டியிருந்தது. அணிக்கு நான்கு பிள்ளைகள், அவர்களே பொருத்திச் செய்த கையளவு ரோபோ ஒன்று. ரோபோவின் மூக்கில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு ஸ்பூன், ஸ்பூனில் ஒரு பந்து. பாதையின் கோடிவரை போய்த் திரும்பி, பந்தைக் கீழே விடாமல் கிளம்பிய கட்டத்துக்கே வர வேண்டும். அந்தக் கட்டத்துக்கு 'வீடு' என்று பெயர். ஓட்டம் முடிந்ததும் டீச்சர் அந்த அணியின் டேப்லெட்டைத் திறந்து, ரோபோவுக்குப் போட்ட கட்டளைகளில் ஏதாவது ஒன்றின்மேல் விரலை வைத்து இரண்டு கேள்வி கேட்பாள். இது எதுக்கு? இதை யார் போட்டது? பெரியவர்கள் கை பட்டிருந்தால் பூஜ்ஜியம். விதியை எழுதிச் சுவரில் ஒட்டியது டீச்சர். அதைச் சுற்றிப் பூ வரைந்தது மகள்.

முதலில் வந்த புயல் அணி அந்த விதியில்தான் விழுந்தது. பெரிய கண்ணாடி போட்ட பையன், யார் போட்டது என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க மாமா, டீச்சர். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றான். டீச்சர் பலகையில் பூஜ்ஜியம் போட்டாள். அவனுக்கு அது புரியவே சற்று நேரம் ஆனது. "அடுத்த தடவை உங்க மாமாவையே கூட்டிட்டு வந்து டீம்ல சேத்துக்கோ" என்று கூட்டாளி ஒருத்தி சொன்ன பிறகுதான் உதடு கோணியது. மூலையில் போய் உட்கார்ந்து, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்து வந்தவற்றில் இரண்டு அணிகள் பந்தைக் கீழே போட்டன, இரண்டு அணிகள் ஃபைனலுக்குத் தேறின. கடைசியாக ஆமை அணி வந்தது. மகளின் அணி.

ஆமை ஊர்ந்து போனது. கோடியில் நின்றது. ஸ்பூனில் பந்து இப்படியும் அப்படியும் ஆடியது. எல்லாப் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆமை உடனே திரும்பவில்லை. யோசிப்பதுபோல் அப்படியே நின்றது. பந்தின் ஆட்டம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் மெல்லத் திரும்பி, பந்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வகுப்பே கத்தித் தீர்த்தது.

டீச்சர் மட்டும் அசையவில்லை. அந்த நிற்றல் அவளுக்குத் தெரியும். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். திசை மாறும் முன் எந்தப் பெட்டியும் கொஞ்சம் நிற்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிரட்டும் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறான். சொன்னதோடு சரி என்றும் இல்லை. எங்கே கிளம்பினாலும் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் திரும்புவான். பையைத் தூக்கிக்கொண்டு கடைசியாகப் போன அன்றும் நின்றான். அந்த ஒரு கணத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேப்லெட்டில் வண்ண வண்ணக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முன்னே போ. நில். காத்திரு. திரும்பு. 'முன்னே போ'வின்மேல் விரலை வைத்தால் போதும். பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும். டீச்சரின் விரல் அதன் பக்கம்தான் போனது. நிமிர்ந்தபோது, மூலையில் இருந்த பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல் இறங்கி 'காத்திரு'வில் நின்றது.

"இது எதுக்கு?"

"அதை இவதான் டீச்சர் போட்டா" என்று ஆமை அணியின் வாயாடி முந்திக்கொண்டாள். தோழிக்குப் பெருமை சேர்க்கும் அவசரம் அவளுக்கு. "சனிக்கிழமை எடுத்துட்டுப் போனா. அதுக்கு முன்னாடி எங்க பந்து விழுந்துகிட்டே இருந்துச்சு."

மகள் எழுந்து நின்றாள். "திரும்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கணும். இல்லேன்னா உள்ள இருக்கிறவங்களுக்கு வயித்தைப் பிரட்டும்."

"ஸ்பூனுக்குள்ள யாருடி இருக்கா?" என்று யாரோ கேட்க, வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"இதை யார் போட்டது?"

மகள் சுவரில் இருந்த பூக்களைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், யாருக்கும் கேட்காது என்று நினைத்து.

"ஹை, டீச்சரை அம்மாங்கிறா!"

"இங்க டீச்சர்" என்று மகளைத் திருத்தினாள் அவள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்பா," என்றாள் மகள். "ஆனா அவர் டேப்லெட்டைத் தொடவே இல்ல, டீச்சர். பெரியவங்க கை படக் கூடாதுன்னு சொன்னேன். அதனால என் கையைப் பிடிச்சுகிட்டாரு. என் விரலாலதான் போட்டோம்."

சுண்ணக்கட்டி கையில் ஒடிந்து, பாதி கீழே விழுந்தது. மீதியை வைத்து டீச்சர் பூஜ்ஜியத்தைப் போட்டாள். வட்டத்தின் நுனிகள் சேரவில்லை. திரும்பவும் அதன்மேலேயே ஒரு தடவை இழுத்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் மகள் வந்து போனைக் கேட்டாள். ஆசிரியர் அறையின் ஜன்னலோரம் நின்று பேசினாள். அவனுடைய குரல் எப்போதும் பெரிது, எட்ட இருந்தாலும் கேட்கும்.

"கிளம்பிட்டேன்டா. பாதி வழியில இருக்கேன்."

"வர வேணாம்ப்பா. நாங்க ஃபைனல்ல இல்ல."

"ஏன், பந்து விழுந்துருச்சா?"

"இல்ல. விழல. டீச்சர் பூஜ்ஜியம் போட்டாங்க."

அந்தப் பக்கம் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. அவன் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நிற்கிறான் என்று டீச்சருக்குத் தெரிந்தது. கையை நீட்டி மகளிடமிருந்து போனை வாங்கிவிடலாம். வாங்கி என்ன சொல்வது? வாங்க என்று ஒரு சொல் போதும். அவள் கையில் பிள்ளைகளுக்கான பரிசு நாடாக்கள் இருந்தன. அவற்றை மேசைமேல் வைக்கும் நேரத்துக்குள், "சரிடா, சனிக்கிழமை பாப்போம்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

ஃபைனல் நடந்தது. பெற்றோர் கை தட்டினார்கள். நீல உடை நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒரு தாய் சொன்னாள்.

சாயங்காலம் இரும்புக் கதவருகே வந்ததும் டீச்சர் நடையைத் தளர்த்தினாள். மகள் கதவைத் தாண்டினாள். 'அம்மா' என்று ராகம் போடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆமை இருந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பசிக்குதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள்.

மாடிப்படி ஏறி, வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். மகள் கையை நீட்டினாள்.

"டீச்சர், சாவி குடுங்க."

விளையாட்டாகத்தான் சொல்கிறாளோ என்று டீச்சர் அந்த முகத்தில் தேடினாள். விளையாட்டு இல்லை. கோபம்கூட இல்லை. விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கும் ஒரு நல்ல மாணவியின் முகம்.

சாவியைக் கொடுத்தாள். மகள் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் போனாள். அறை வாசலில் போய் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அப்படியே நின்றாள்.

வெளிவாசலில், இன்னும் ஒரு செருப்பைக் கழற்றாமல், டீச்சரும் நின்றுகொண்டிருந்தாள்.