முதலில் வண்டி, பிறகு ரிமோட்

சிவப்புக் கார் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டி, பக்கவாட்டில் திரும்பி, பீரோ காலில் இடித்து, மறுபடியும் சுவருக்கே வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவள் வாய் நுரையோடு ஓடிவந்து குனிந்து பிடித்தாள். தலைகீழாகத் தூக்கிய பிறகும் பின்சக்கரங்கள் நிற்கவில்லை. டயரின் முள் அவள் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. அடிப்பக்கம் தடவி சுவிட்சைத் தள்ளினாள். சத்தம் நின்றது. அப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் வேலை மேசையில் கவிழ்ந்து கிடந்தார். கன்னத்துக்கு அடியில் எண்ணெய்த் துணி. கண் திறந்திருந்தது. பக்கத்தில் அம்மா நின்றாள், கையில் ரிமோட்டோடு.

"போயிட்டாரு," என்றாள் அம்மா. "கையில இருந்துச்சு. எடுத்து அணைச்சேன்."

முதலில் வண்டியை அணைக்கணும், பிறகுதான் ரிமோட்டை. அந்தக் காலத்துக் கார்கள் அப்படி. ரிமோட் வாயை மூடிக்கொண்டால் அவற்றுக்குப் புத்தி பிசகிவிடும். காற்றில் வருகிற கண்ட இரைச்சலையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடும். எழுதப் படிக்கத் தெரிகிறதோ இல்லையோ, இந்த வீட்டில் பிறந்தால் இது தெரிந்தாக வேண்டும்.

"வண்டியத்தானேம்மா முதல்ல அணைக்கணும்?"

"தெரியும்," என்றாள் அம்மா. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலை இறக்கப் போனாள். அழவில்லை. யார் அழச்சொன்னது?

அப்பாவுக்குத் தொழில் மின்மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுவது. உயிர் இந்தக் கார்கள். பொம்மை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டாகும். பழைய ரிமோட் கார்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து வாங்கிவருவார். பேட்டரி கசிந்து பச்சை பூத்த தகடுகளை வினிகர் தொட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். மஞ்சளடித்த பிளாஸ்டிக்கை மருந்து தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைப்பார். நொறுங்கத் தயாராக இருக்கும் நைலான் பாகங்களை அம்மாவின் பால் பாத்திரத்திலேயே வெந்நீர் ஊற்றி ஊறப்போடுவார், வளைந்துகொடுக்கும் என்று. ஒரு ஸ்டிக்கர் ஒட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவார். அந்தக் கையா இந்தக் கை என்றிருக்கும். அம்மாவின் இடது காதைச் செவிடாக்கியது அதே கைதான்.

அவர் கத்தினால் பயமில்லை. குரல் தணிந்து, வெகு சாதாரணமாக, "ஸ்க்ரூடிரைவர் எங்க?" என்று கேட்டால்தான் ஆபத்து. அந்தக் குரல் கேட்டதுமே அம்மா கண்ணாடியைக் கழற்றி எங்காவது பத்திரமாக வைத்துவிடுவாள். முகம் போனால் போகிறது. கண்ணாடி உடைந்தால் புதுசுக்கு அவரிடம்தான் போய் நிற்கணும். சில நாள் கழற்ற நேரமிருக்காது. அந்த வளைந்த பிரேம்களை ஸ்கூல் படிக்கும்போதே நிமிர்த்தப் பழகியவள் பெரியவள். இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் அதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறாள். அப்பா சொத்து என்று அவளுக்கு வந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் அப்பாவைத் தூக்கி வந்து கூடத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஆறுதலுக்கு அம்மாவின் கையைப் பிடித்தவள், மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து, எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம், நேற்று, என்றாள் அம்மா. கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். சுவர் சத்தத்தைத் தடுக்குமா என்ன?

சின்னவனுக்குப் போன் செய்தபோது அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீசை முளைத்ததும் வீட்டைவிட்டுப் போனவன். கல்யாணத்துக்குக்கூட யாரையும் கூப்பிடவில்லை. பெரியவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. எத்தனையோ நாள், அடுத்த அறையில் பாத்திரம் உருள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கையில், ஒருத்தனாவது தப்பித்தானே என்று நினைத்துத்தான் அவள் தூங்கியிருக்கிறாள். அவளிடம் சேமிப்பு என்று இருந்ததே அந்த நினைப்புதான்.

அவன் ஒன்பது வயதில் செய்த தப்பு இதுதான்: அப்பா குளிக்கப் போன நேரத்தில் அந்தச் சிவப்புக் காரை எடுத்து ஓட்டினான். அப்பா அதை ராணி என்று கூப்பிடுவார். அம்மாவைக் கூப்பிடுவது 'ஏய்' என்று. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பதறிப்போய் ரிமோட்டை முதலில் அணைத்துவிட்டான். ராணி படிக்கட்டில் பாய்ந்து உருண்டு, முன்சக்கரம் தாங்கும் கை முறிந்துபோயிற்று. அப்பா கத்தவில்லை. மேசை ஓரத்தில் பூட்டியிருந்த, சாமான்களை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் இரும்புத் தாடைக்கு நடுவில் அவன் விரல்களை வைத்து, பிடியைச் சுற்றினார். "எது முதல்ல? சொல்லு." வண்டி, வண்டி என்று அவன் அலறிய பிறகும் இன்னொரு சுற்று. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அம்மா. முறிந்த பிளாஸ்டிக் கைக்கு மாற்று தேடி அப்பா மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் அச்சு அசலாக ஒன்று வாங்கிப் பொருத்தினார். முறிந்த இடமே தெரியாது. சின்னவனின் இரண்டு விரல் கோணலாகவே கூடிற்று.

அவன் மத்தியானம் மனைவியோடு வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். அம்மா பக்கத்தில் போய் நின்றான். பெஞ்சைப் பார்க்கவில்லை; உள்ளறைக் கதவு வழியாகத் தெரிந்த அலமாரியைத்தான் பார்த்தான். அதில் கார்கள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. "இன்னும் இருக்கா எல்லாம்?" என்று கேட்டான். இருக்கு என்றாள் அம்மா.

தம்பி மனைவியைப் பெரியவள் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறாள். ஒல்லியான பெண். கண்ணாடி போட்டிருந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்? பெரியவளின் கண் முதலில் பிரேமுக்குத்தான் போயிற்று. வலதுபக்கக் கீல் உள்ளே மடங்கி, பற்றவைத்த தடம் இருந்தது. தண்ணீர் கொடுக்கும்போது, பிரேம் வளைஞ்சிருக்கே என்றாள். தெரியாமல் மேலே உட்கார்ந்துவிட்டேன் என்றாள் அவள், கேட்டு முடிக்கும் முன்பே. உட்கார்ந்தால் பிரேம் தட்டையாகும். கீல் உள்ளே மடங்காது. அம்மாவின் பிரேம்கள் அப்படித்தான் மடங்கும், பெரியவளுக்குத் தெரியும். சாவு வீட்டில் எதை எதையோ நினைக்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து டப்பாக்காரர் வந்து சேர்ந்தார். அப்பாவைப் போலவே பழைய கார் பித்துப் பிடித்தவர். கார் வந்த அசல் அட்டை டப்பா இல்லாவிட்டால் காரையே தொடமாட்டார். அதனால் அந்தப் பெயர். இவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கார் வைத்திருந்தவன் செத்தால், உடல் வெளியே போவதற்குள் துக்கம் கேட்கப் போய்விடணும். மறுநாள் போனால் வீட்டுக்காரர்கள் குப்பை என்று வாரிக் கொட்டியிருப்பார்கள், இல்லையென்றால் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போயிருப்பான். இதை ஆரம்பித்துவைத்ததே அப்பாதான். எத்தனை சாவு வீட்டில் ஓரமாக நின்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பரண்மேல் கண்ணை ஓட்டியிருப்பார்! ராணியே அப்படி வந்தவள்தான்.

டப்பாக்காரர் பெஞ்சு முன்னால் கைகட்டி நின்றார். உண்மையாகவே இரண்டு சொட்டு கண்ணீரும் விட்டார். பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்து, நல்ல காதா கெட்ட காதா என்றுகூடப் பார்க்காமல் முணுமுணுத்தார்.

"அண்ணி, ராணியோட டப்பா பரண்லதானே இருக்கு?"

சின்னவன் நிமிர்ந்தான். "என்ன கேட்டீங்க?" என்றான்.

குரல் தணிந்திருந்தது. வெகு சாதாரணமாக இருந்தது. பெரியவள் பெஞ்சில் கிடப்பவர்தான் பேசினாரோ என்று ஒரு நொடி திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

டப்பாக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். புறங்கையால் விழுந்தது அடி. கட்டைவிரலை உள்ளே மடக்கி, முழங்கையை ஓங்காமல், மணிக்கட்டால் மட்டும் விடுகிற அடி. பழகிய கைக்குத்தான் அது வரும். மனுஷர் பக்கத்து நாற்காலியையும் இழுத்துக்கொண்டு சரிந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். சின்னவன் அவர் காலரைப் பிடித்துத் தூக்கி, இன்னொன்று விட்டு, வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினான். இரண்டு ஆண்கள் குறுக்கே வந்தார்கள். ஒருவரை முழங்கையால் விலாவில் இடித்தான்; மற்றவர் தானே ஒதுங்கிக்கொண்டார். டப்பாக்காரர் தெருவில் உட்கார்ந்து ஒரு பல்லைத் துப்பினார்.

அவன் நேராக உள்ளறைக்குப் போனான். மேசைக்கடியில் சுத்தியல் எங்கே இருக்கும் என்று அவனுக்கு மறக்கவில்லை. முதல் கார் சிதறியபோது பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவேண்டியதில்லை. அடிடா என்று வாய்க்குள் சொன்னாள். இரண்டாவதற்கும் சொன்னாள். வெளுத்த பிளாஸ்டிக்கும் பல்சக்கரங்களும் கூடம்வரை தெறித்தன. ஒரு சில்லு அப்பாவின் போர்வைமேல் வந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவன் நிற்கவில்லை. மூச்சுக்கூட இரைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மேசை நடுவில் நேராக வைத்து, பார்த்து, அடித்தான். பெரியவளின் சந்தோஷம் எப்போது வடிந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ராணி. அதைச் சுத்தியலால் அடிக்கவில்லை. வைஸின் தாடைக்கு நடுவில் வைத்து, கோணல் விரல்களால் பிடியைச் சுற்றினான்.

"எது முதல்ல?" என்று காரைக் கேட்டான். "சொல்லு."

மெதுவாக நசுங்கிற்று. நைலான் முறிகிற சத்தம் எலும்புச் சத்தம் போலவே இருந்தது. அதற்குப் பிறகும் இன்னொரு சுற்று சுற்றினான்.

பிறகு கூடத்துக்கு வந்தான். சுத்தியல் கையில்தான் இருந்தது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"பை எங்க வச்ச?" என்றான், வெகு சாதாரணமாக.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். அவசரப்படவில்லை. இரண்டு காம்பையும் மடக்கி, உள்ளங்கையில் மூடி, மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். பிறகு முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் பெரியவளைத் தூங்கவைத்த நினைப்பு, அந்த மடிக்குள் மடங்கிக் கிடந்தது.

அம்மாவும் பார்த்துவிட்டாள்.

அவள் எழுந்தாள். மருமகளின் மடியில் கைவிட்டு, மூடிய விரல்களைப் பிரித்து, கண்ணாடியை எடுத்தாள். தன் கண்ணாடியையும் கழற்றினாள். இரண்டையும் பெரியவள் கையில் கொடுத்துவிட்டு, மகனுக்கு எதிரில் போய் நின்றாள். அவன் மார்புயரம்தான் இருந்தாள்.

"இவ இனிமே இங்கதான் இருப்பா."

"என்னம்மா சொல்ற?" குரல் இன்னும் தணிந்தது.

அம்மா நகரவில்லை. சுத்தியல் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. பெரியவள் பார்த்தாள், மறுகை கட்டைவிரல் உள்ளே மடங்குவதை. தானும் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு கண்ணாடியையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"நான் அந்தாள் மாதிரி இல்லம்மா," என்றான் அவன்.

"அப்ப இவ எதுக்குக் கண்ணாடியக் கழட்டினா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. அவன் தன் கையைப் பார்த்தான். வெளியே உடலை எடுத்துப்போகிற வண்டி வந்து நின்று, டிரைவர் எட்டிப் பார்த்து, தூக்கலாமா என்று கேட்டார். சின்னவன் சுத்தியலைத் தரையில் வைத்தான். போய்த் தலைமாட்டில் குனிந்தான். நான்கு பேராகத் தூக்கினார்கள். பிளாஸ்டிக் சில்லுகள் காலடியில் நொறுங்க, வாசலைத் தாண்டினார்கள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மனைவி எழுந்திருக்கவில்லை.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. துடைப்பம் எடுக்கப் போன எதிர்வீட்டு அம்மாளை, இருக்கட்டும் என்று அம்மா தடுத்துவிட்டு, மருமகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் உள்ளறைக்குப் போய், மேசையிலிருந்து அப்பாவின் ஸ்க்ரூடிரைவர்களில் ஆகச் சின்னதை எடுத்துவந்தாள். கிழிந்த கட்டைவிரல் எரிந்தது. மடங்கிய கீலை, பற்றவைத்த இடம் விட்டுப்போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினாள்.

"போயிட்டாங்களா அத்தை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"போயிட்டாங்க," என்றாள் அம்மா.

கண்ணாடியில்லாமல் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் திருகாணியை இறுக்கினாள்.